ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி அறைச் சாவி வாங்கும்வரை

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் விமான டிக்கெட்டை எடுத்துவிடுகிறார்கள். எந்த நாள் விலை குறைவோ அந்த நாள். விமான நிலையத்திலிருந்து பல்கலைக்கழக ஊருக்கு எப்படிப் போவது, அங்கே யார் கதவைத் திறந்துவிடுவார் என்பதெல்லாம் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகிறது. இந்த வரிசையை மாற்றிப் போடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தக் கிழமை எத்தனை மணிக்குள் போனால் தருவார்கள் என்பதை முதலில் கேட்டு மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் ஊர் சேரும் ரயிலை அடுத்துத் தேடுங்கள். அந்த ரயிலைப் பிடிக்கத் தோதான விமானத்தைக் கடைசியில் எடுங்கள்.

2023–24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் 49,483 இந்திய மாணவர்கள் படித்தார்கள். அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பலர் சென்னையிலிருந்து நேராக ஃபிராங்க்ஃபர்ட் போகும் லுஃப்தான்ஸா விமானத்திலோ, துபாய், தோஹா, அபுதாபி வழியாகவோ வந்து சேர்கிறார்கள். அதனால் ஃபிராங்க்ஃபர்ட்டை வைத்தே சொல்கிறேன். மியூனிக்கிலும் பெர்லினிலும் இறங்குகிறவர்களுக்குத் தேவையானது இடையிடையே வரும்.

சாவி யாரிடம்?

மாணவர் விடுதிகள் பெரும்பாலானவற்றை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ஸ்டுடீரன்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. ஆகவே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதினால் சாவியைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். விடுதிக் கட்டிடத்துக்கு ஹவுஸ்மைஸ்டர் என்ற பராமரிப்பாளர் ஒருவர் இருப்பார். சாவி பெரும்பாலும் அவர் கையில்தான். அவருக்கென்று பார்வை நேரம் உண்டு. வார நாட்களில் காலையில் சில மணி நேரம் என்பது வழக்கமான ஏற்பாடு. நம் ஊர் விடுதிக் காவலாளிபோல இரவு பத்து மணிக்கு எழுப்பிச் சாவி கேட்க முடியாது. வெள்ளிக்கிழமை பிற்பகல் போய் நின்றால் திங்கள் காலைவரை வெளியே தங்க வேண்டியதுதான். மூன்று இரவு ஓட்டல் வாடகை, விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை எளிதாக விழுங்கிவிடும்.

நாள்காட்டியையும் பாருங்கள். குளிர்காலப் பருவம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. விடுதி ஒப்பந்தங்கள் பலவும் அன்றிலிருந்தே ஆரம்பமாகும். அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், நாடு முழுவதும் விடுமுறை. அது வியாழனிலோ வெள்ளியிலோ வரும் ஆண்டுகளில் அந்த வாரமே சுருங்கிவிடும். கோடைப் பருவம் பெரும்பாலும் ஏப்ரல் 1 அன்று தொடங்குவதால் ஈஸ்டர் குறுக்கிடக்கூடும். புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் விடுமுறை, நடுவில் ஞாயிறு. செவ்வாய் அல்லது புதன் காலையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குவதுபோல் டிக்கெட் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். சென்னையிலிருந்து நேராகப் போகும் விமானம் நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, அங்கே காலையில் இறங்குகிறது. மாலையில் இறக்கிவிடும் விமானம் சில ஆயிரம் ரூபாய் மலிவாக இருந்தாலும் முதல் பயணத்துக்கு வேண்டாம்.

நேரத்துக்குள் போய்ச் சேர வழியே இல்லையென்றால் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. அந்த ஊரில் ஏற்கெனவே படிக்கும் சீனியர் அண்ணனோ அக்காவோ இருந்தால், உங்கள் சார்பில் சாவி வாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். வோல்மாஹ்ட் என்பார்கள். உங்கள் கையெழுத்து, பாஸ்போர்ட் நகல், ஒப்பந்த நகல் மூன்றும் சேர்ந்தால் பல விடுதிகள் ஒப்புக்கொள்ளும். ஆனால் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிட வேண்டும். அதுவும் முடியாதபோது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவுக்கு அறை போட்டு, மறுநாள் காலை நிதானமாகப் போய் வாங்குங்கள். இது வீண் செலவு என்று வீட்டில் சொல்வார்கள். பதினைந்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டிகளோடு நிற்பதைத் தவிர்க்கக் கொடுக்கும் பணம் அது, வீண் அல்ல.

சாவி தரும்போது அறையின் நிலையைக் குறிக்கும் படிவம் ஒன்றில் கையெழுத்து கேட்பார்கள். சுவரில் ஓட்டை, உடைந்த கைப்பிடி, மேசையில் கறை எதுவானாலும் அப்போதே அதில் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் முன்பணத்தில் பிடித்தம் செய்ய வந்தால் அந்தத் தாள்தான் பேசும். நீங்கள் அங்கே குடிவந்ததை உறுதிசெய்யும் சான்றையும் கையோடு கேளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய அது வேண்டும்.

எந்த ஊர், எந்தக் கட்டிடம்?

இதைச் சரிபார்க்கச் சொல்வது அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் ஜெர்மனியில் ஃபிரைபர்க் என்று காதில் விழும் பல்கலைக்கழக ஊர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று தென்மேற்கு மூலையில், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லைகளுக்கு அருகே உள்ள ஃபிரைபுர்க். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து நேர் ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மற்றொன்று கிழக்கே சாக்ஸனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்கும் கெம்னிட்ஸுக்கும் இடையே உள்ள ஃபிரைபெர்க். அங்குள்ள சுரங்கவியல் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள். இரண்டையும் குழப்பி ரயில் டிக்கெட் எடுத்தால் நாட்டின் எதிர்மூலையில் போய் இறங்குவீர்கள். ஃபிராங்க்ஃபர்ட்டும் இரண்டு. விமான நிலையம் இருப்பது மைன் நதிக்கரை ஃபிராங்க்ஃபர்ட்டில், வியாட்ரீனா பல்கலைக்கழகம் இருப்பது போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபர்ட்டில். ஃபிராங்க்ஃபர்ட்–ஹான் என்று பெயர் வைத்திருக்கும் சிறிய விமான நிலையமோ நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிறது.

பெயரில் ஒரு நகரமும் வகுப்பறை வேறொரு நகரத்திலும் இருப்பது இன்னும் சாதாரணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மியூனிக் நகரத்துக்குள் இடம் இருக்கிறது. பொறியியல், இயற்கை அறிவியல் துறைகள் பல நகருக்கு வடக்கே கார்ஹிங்கில். உயிர் அறிவியல் ஃபிரைசிங்கில். மேலாண்மைப் படிப்புகள் சில ஹைல்பிரானில், அது பவேரியாவிலேயே இல்லை, பக்கத்து மாநிலம். ஹைல்பிரான் போக வேண்டியவர் மியூனிக்குக்கு விமான டிக்கெட் எடுத்தால் திரும்பி வடமேற்கே நெடுந்தூரம் ரயிலில் வர வேண்டும். டெக்கன்டார்ஃப் கல்லூரியின் ஒரு வளாகம் ஃபார்கிர்ஷன் என்ற வேறு ஊரில் இருக்கிறது.

ஊர் சரியாக இருந்தாலும் நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிபோலச் சுற்றுச்சுவரும் முகப்பு வளைவும் எதிர்பார்க்க வேண்டாம். பல பழைய பல்கலைக்கழகங்கள் ஊருக்குள் கட்டிடம் கட்டிடமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டின் கோத்தே பல்கலைக்கழகத்துக்கு வெஸ்ட்எண்ட், போக்கன்ஹைம், ரீட்பெர்க், நீடர்ராட் என்று நான்கு இடங்கள். முதல் நாள் உங்களுக்கு வகுப்பறை தேவையில்லை, விடுதிதான் தேவை. விடுதியின் தெரு, கதவு எண், ஐந்து இலக்க அஞ்சல் எண் மூன்றையும் தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது.

ரயில் டிக்கெட்

முதல் பயணத்துக்கு எந்த டிக்கெட் என்பதில் நிறையப் பேர் தவறான சிக்கனம் செய்கிறார்கள். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பான் நீண்டதூர ரயில்களுக்கு மலிவு டிக்கெட்டுகளை சூப்பர் ஷ்பார்பிரைஸ், ஷ்பார்பிரைஸ் என்ற பெயர்களில் விற்கிறது. அவை டிக்கெட்டில் குறித்த அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். ரயில் தாமதமாகி ஊர் சேர இருபது நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு விலகும், வேறு ரயிலில் ஏறலாம். ஆனால் பிந்தியது உங்கள் விமானம் என்றால் ரயில்வேக்கு அதில் பொறுப்பில்லை. இமிகிரேஷன் வரிசை நீண்டதற்கோ பெட்டி வர நேரமானதற்கோ யாரும் மாற்று டிக்கெட் தரமாட்டார்கள். டிக்கெட் காலாவதி, புதிதாக முழு விலையில் வாங்க வேண்டும்.

இதற்கு மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. முதலாவது, விமான டிக்கெட்டோடு சேர்த்தே விற்கப்படும் ரயில் அண்ட் ஃபிளை டிக்கெட். சில விமான நிறுவனங்கள் மட்டும் தருகின்றன, விமான டிக்கெட் எடுக்கும்போதே கேட்க வேண்டும், பிறகு சேர்ப்பது கடினம். இதில் குறிப்பிட்ட ரயில் என்ற கட்டுப்பாடு இல்லை. விமானம் பிந்தினால் அடுத்த ரயிலில் ஏறலாம். அதற்கான குறியீட்டை இணையத்தில் ரயில் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் வேலையைக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். இரண்டாவது, லுஃப்தான்ஸா எக்ஸ்பிரஸ் ரயில். சில நகரங்களுக்கு ரயிலே விமான எண்ணோடு உங்கள் டிக்கெட்டின் கடைசிக் கட்டமாக வரும், விமானம் தாமதமானால் அடுத்த ரயிலுக்கு அவர்களே மாற்றித் தருவார்கள். மூன்றாவது, ஃபிளெக்ஸ்பிரைஸ். விலை அதிகம். ஆனால் அன்றைய நாளில் அந்த வழித்தடத்தில் எந்த ரயிலிலும் ஏறலாம். மலிவு டிக்கெட்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் விடட்டும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63 யூரோ ஆனது. நாடு முழுவதும் உள்ளூர் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் மாதம் முழுக்கப் போகலாம். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு இதையே குறைந்த விலையில் பருவக் கட்டணத்தோடு சேர்த்துத் தருகின்றன, ஆனால் அது சேர்க்கை முடிந்து பருவம் தொடங்கிய பிறகுதான் கைக்கு வரும். செப்டம்பர் கடைசியில் இறங்குகிறவரிடம் இருக்காது. தனியாக வாங்கினால் அது மாதச் சந்தா, நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். டார்ம்ஸ்டாட், மைன்ஸ் போன்ற பக்கத்து ஊர்களுக்கு இது நல்ல டிக்கெட்தான். டிரெஸ்டன், கெம்னிட்ஸ் போகிறவர் இதை நம்பி உள்ளூர் ரயில்களிலேயே போனால் நாள் முழுவதும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயில் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பணத்தை மிச்சப்படுத்த வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி

இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு கைப்பெட்டி, முதுகில் ஒரு பை என்பதுதான் நம் மாணவர்களின் வழக்கமான சுமை. விமான நிலையத்தில் தள்ளுவண்டி இருக்கும்வரை கனம் தெரியாது. நடைமேடை மாற வேண்டிய சிறிய ரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுதாகியிருந்தால் படிகளில் எல்லாவற்றையும் நீங்கள்தான் தூக்க வேண்டும். கூலி ஆட்கள் கிடையாது. இரண்டு கைகளால் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு மாடியேற முடிகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். முடியாவிட்டால் குக்கரையும் தோசைக்கல்லையும் எடுத்து வெளியே வையுங்கள். ஃபிளிக்ஸ்பஸ் பேருந்தில் போக நினைப்பவர், பெரிய பெட்டி ஒன்றுக்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்பதை நினைவில் வைக்கட்டும்.

அம்மாக்கள் கட்டிக் கொடுப்பதிலும் சட்டம் நுழைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. நெய் அதில் அடங்கும். 2019 டிசம்பரிலிருந்து பழம், காய், இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. பச்சைக் கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போவதை விட்டுவிடுங்கள். கறிவேப்பிலைப் பொடியாக அரைத்துக் கொடுத்தால் சிக்கல் இல்லை. சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போகலாம், எண்ணெய் கசியாமல் கட்டுவது உங்கள் பொறுப்பு.

பணம், கைப்பேசி

விசாவுக்காகத் தடைக்கணக்கில் போட்ட 11,904 யூரோ உங்கள் பணம்தான், ஆனால் முதல் நாளில் தொட முடியாது. அங்கே போய் நடப்புக் கணக்கு திறந்து இரண்டையும் இணைத்த பிறகு மாதம் 992 யூரோவாக வரும், அதற்குச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். ஆகவே ஃபோரெக்ஸ் கார்டில் ஒரு மாதச் செலவுக்கும், கையில் சிறு நோட்டுகளாக முந்நூறு யூரோ அளவுக்கும் வைத்திருங்கள். இந்திய வங்கி அட்டையையும் எடுத்துப் போவதானால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும். இணையத்தில் டிக்கெட் வாங்கும்போது ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், விமானத்திலிருந்து இறங்கியதும் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

ஜெர்மனியில் பிரீபெய்டு சிம் வாங்க 2017-லிருந்து அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். சில நேரம் அது காணொளி அழைப்பில் நடக்கும், உடனே முடியும் என்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்தே ஒரு இ-சிம் போட்டுக்கொண்டு போவது முதல் வாரத்தைச் சமாளிக்கும். டாய்ச்ச பானின் டிபி நேவிகேட்டர் செயலியை ஏற்றி, டிக்கெட்டை அதில் சேமித்து, ஒரு பிரதியைத் தாளிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும்

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஷெங்கன் நகரம் வழியாக வந்தால் இமிகிரேஷன் அங்கேயே முடிந்துவிடும், ஜெர்மனியில் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வருவீர்கள். நேராகவோ வளைகுடா வழியாகவோ வந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டில். எங்கே ஆனாலும் சேர்க்கைக் கடிதம், தடைக்கணக்குச் சான்று, காப்பீடு, விடுதி ஒப்பந்தம் நான்கும் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் வைத்தவர் அதிகாரியிடம் காட்ட எதுவும் இல்லாமல் நிற்பார். கேள்விகள் சுருக்கமானவை. எங்கே படிக்கப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்பதற்கு ஊர்ப் பெயரோடு பதில் சொன்னால் போதும்.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருப்பதுதான் புதியவர்களைத் திணற வைக்கும் விஷயம். இரண்டும் முதல் முனையத்தை ஒட்டியவை. வேறு முனையத்தில் இறங்கினால் முதலில் இலவச ஷட்டிலில் முதல் முனையத்துக்கு வாருங்கள். முனையத்துக்கு நேர் அடியில் இருப்பது ரெகியோனால்பான்ஹோஃப், நடைமேடை 1 முதல் 3 வரை. உள்ளூர் ரயில்கள் இங்கே. எஸ் 8, எஸ் 9 ரயில்கள் ஒரு திசையில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக்கும் மறு திசையில் வீஸ்பாடனுக்கும் போகின்றன, ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் ரயிலின் நெற்றியில் எழுதிய கடைசி ஊரைப் பாருங்கள். மைன்ஸ் போகிறவருக்கு வீஸ்பாடன் திசையில் எஸ் 8 போதும். ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் பிரதான நிலையமான ஹாப்ட்பான்ஹோஃபுக்குப் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். அங்கே எஸ் ரயில் நிற்பது பூமிக்கடியில், 101 முதல் 104 வரையான நடைமேடைகளில். நீண்டதூர ரயில்கள் மேலே பெரிய மண்டபத்தில். பெட்டிகளோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, 1999-இல் திறந்த ஃபெர்ன்பான்ஹோஃப். முதல் முனையத்திலிருந்து சாலைக்கு மேலே போகும் நடைபாலத்தில் வந்தால் வரும், நடைமேடை 4 முதல் 7 வரை. ஐ.சி.இ. ரயில்கள் இங்கிருந்துதான். கொலோன் ஏறக்குறைய ஒரு மணி நேரம், மன்ஹைம் அரை மணி. ஆகன் போகிறவர்களுக்கு பிரஸ்ஸல்ஸ் போகும் ஐ.சி.இ. மாறாமல் கொண்டுபோய் விடும், இல்லாவிட்டால் கொலோனில் மாறலாம். டார்ம்ஸ்டாட் மாணவர்களுக்கு ரயிலே தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து ஏர்லைனர் என்ற பேருந்து அரை மணி நேரத்தில் அந்த ஊருக்குப் போகிறது.

மியூனிக்கில் எஸ் 1, எஸ் 8 இரண்டும் நகரத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். கார்ஹிங் போகிறவர் எஸ் 8-இல் மரியன்பிளாட்ஸ் வந்து, யு 6 மெட்ரோ ஏறினால் ஆராய்ச்சி மைய நிலையம் வரை நேராகப் போகலாம். பெர்லினின் புதிய விமான நிலையம் 2020 அக்டோபர் 31 அன்று திறந்தது. அது சி கட்டண மண்டலத்தில் இருப்பதால் ஏ.பி. டிக்கெட் செல்லாது, ஏ.பி.சி. வேண்டும்.

ரயிலில்

நிலையங்களில் நுழைவுக் கதவுகள் இல்லை. யாரும் தடுக்காமல் நடைமேடைக்குப் போய்விடலாம், அதனால் டிக்கெட் வேண்டாம் என்று பொருளில்லை. டிக்கெட் இல்லாமல் உள்ளூர் வண்டியில் பிடிபட்டால் 60 யூரோ அபராதம், நேற்றுதான் வந்தேன் என்பது காரணமாக எடுபடாது. ஃபிராங்க்ஃபர்ட் இயந்திரத்தில் வாங்கும் ஒற்றைப் பயணச் சீட்டு அப்போதே தொடங்கிவிடும். மியூனிக்கிலும் பெர்லினிலும் காகிதச் சீட்டை நடைமேடையில் உள்ள சிறிய பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, இல்லாத சீட்டுக்குச் சமம்.

நடைமேடை ஏ, பி, சி என்று பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் ரயில்பெட்டி எந்தப் பிரிவில் நிற்கும் என்பதைப் பலகையில் பார்த்து அங்கே முன்னதாகவே நில்லுங்கள், ரயில் நிற்பது ஓரிரு நிமிடம்தான். சில ரயில்கள் இரண்டாக இணைந்து ஓடி வழியில் பிரியும். முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. பெர்லினிலிருந்து மேற்கே வரும் ஐ.சி.இ.கள் ஹம் என்ற ஊரில் இப்படிப் பிரிவதுண்டு. ஏறும் பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பார்ப்பதே போதுமான பாதுகாப்பு. கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை, ஆனால் பெட்டிகளோடு போகும் முதல் நாளில் ஐந்தரை யூரோ கொடுத்துச் செய்துவிடுங்கள்.

ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்ற நம்பிக்கையை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 2024-இல் நீண்டதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமாகவே கணக்கில்லை. பழைய தண்டவாளங்களை மாதக் கணக்கில் மூடிப் புதுப்பிக்கிறார்கள். 2024-இன் இரண்டாம் பாதியில் ஃபிராங்க்ஃபர்ட்–மன்ஹைம் பாதை, 2025 ஆகஸ்டிலிருந்து ஹாம்பர்க்–பெர்லின் பாதை என்று அது தொடர்கிறது. செயலியில் எஸ்.இ.வி. என்று வந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுகிறார்கள், நிலையத்துக்கு வெளியே அதே எழுத்துகள் போட்ட நிறுத்தத்தைத் தேடுங்கள். ரயில் மாற எட்டு நிமிடம் என்று செயலி காட்டும் பயணத்தைத் தேர்வு செய்ய வேண்டாம், அரை மணி நேரம் இருக்கட்டும். ஊர் சேர ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி நேரம் பிந்தினால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். டிக்கெட்டை வைத்திருங்கள்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால் நிலையத்தில் உள்ள தகவல் மேசைக்குப் போங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். பெரிய நிலையங்களில் பான்ஹோஃப்ஸ்மிஷன் என்ற உதவி மையமும் இருக்கிறது. வேலை தேடிப் பெருநகரம் வந்த இளம்பெண்களைக் காப்பதற்காக 1894-இல் பெர்லினில் தொடங்கியது, இன்று நூறுக்கும் மேற்பட்ட நிலையங்களில் தேவாலய அமைப்புகளால் நடக்கிறது. மதம், நாடு எதுவும் கேட்கமாட்டார்கள், பணமும் இல்லை. ரயில் மாற உதவுவார்கள், உட்கார இடமும் சூடாகக் குடிக்க ஏதாவதும் தருவார்கள். தனியாக வரும் மாணவிகளின் பெற்றோர் இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 110.

அறைக்குப் போன பிறகு

ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் பல்பொருள் கடைகள் திறக்காது. விமான நிலையத்திலும் பெரிய ரயில் நிலையங்களிலும் உள்ளவை விதிவிலக்கு. விலை கூடுதல்தான், ஆனாலும் ரொட்டி, பழம், தண்ணீர் அங்கேயே வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவது நல்லது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், ஒரு காலிப் புட்டி போதும்.

விடுதி அறையில் கட்டிலும் மெத்தையும் இருக்கும். தலையணை, விரிப்பு, போர்வை பெரும்பாலும் இருக்காது, சமையலறையில் பாத்திரமும் இருக்காது. அக்டோபர் இரவுகள் குளிரும். ஒரு விரிப்பும் கனமான போர்வையும் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் பிளக் மாற்றியும் சூட்கேஸின் மேலடுக்கிலேயே இருந்தால், அன்றிரவு மற்ற பெட்டிகளைத் திறக்க வேண்டியிருக்காது.